வேட்டி எங்கே போனது?

என் வயதுக்காரர்களே, உட்கார்ந்தால் எழும்ப ஒரு கை தேவைப்படுகிறவர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். இளசுகள் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, இது ஒரு சிரிப்புப் படத்தைப் பற்றிய கதைதான்.

போன மாதம் மகள் தன் கைப்பேசியைக் கொண்டுவந்து சர்பத் போத்தலில் சாய்த்து என் முன்னால் வைத்தாள். "அம்மா, ஒங்க காலத்துப் படம். ரெண்டு திருடனுங்க வர்ற காமெடி. கிளாசிக்குன்னு எல்லாரும் எழுதியிருக்காங்க, பாருங்க" என்றாள். முதல் காட்சியிலேயே குண்டன் கோழி திருடப் போய், அந்தக் கோழியிடமே கொத்து வாங்கிக்கொண்டு ஓடினான். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் எழும்பிப் போகப் பார்த்தேன். முழங்கால் விடவில்லை. அதனால் முழுப் படத்தையும் பார்த்தேன். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நான் பார்த்தது முழுப் படம் இல்லை என்பதுதான் இந்தக் கதையே.

படத்தைப் பற்றி முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பாதி நெய், பாதி பிண்ணாக்கு. ஒரு குண்டனும் ஒரு ஒல்லியும் ஜமீன் வீட்டுத் தங்கக் கலசத்தைத் திருடத் திட்டம் போடுகிற முன்பாதி நெய். தையற்கடையில் களவெடுத்த, துணி அளக்கிற யார்கோலால் ஜமீன் வீட்டு மதிலை அளப்பார்கள். குண்டன் குனிந்து நிற்பான், ஒல்லி அவன் முதுகில் ஏறி அளப்பான், அளந்த கணக்கு மறந்துபோய் மறுபடி ஏறுவான். பின்பாதியில் ஜமீனுக்குக் காணாமற்போன தாய் ஒருத்தி வருவாள், கோர்ட் வரும், சம்பந்தமே இல்லாமல் மழையில் பாட்டு வரும். கதாநாயகி அழுகிற நேரம் பார்த்துத்தான் எங்கள் சனம் கடலை வாங்க வெளியே போகும்.

அப்போது நாங்கள் மாத்தளைக்கு மேலே எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவுக்கு மலையில் வேலை இல்லை, பெக்டரிக்குள்ளே வேலை. அது எத்தனை பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். மழையில் நனைய வேண்டாம், அட்டைக்கடி வேண்டாம். அம்மா கொழுந்துக்கூடையோடு நனைந்து வருவாள், அப்பா காய்ந்த தேயிலைத்தூள் மணத்தோடு வருவார். அவர் சட்டையைக் கழற்றி உதறினால் எங்கள் ஒற்றையறைக் காம்பராவும் பக்கத்துக் காம்பராவும் சேர்ந்து தும்மும். அந்த வேலைக்கு எங்கள் லயத்து வரிசைவீடுகளில் பத்துப் பேர் கண் வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை பின்னேரங்களில் துணிக்கார நானா வருவார். மாத்தளைப் பட்டணத்து முஸ்லிம் ஆள், அவர்கள் அண்ணனை நானா என்பார்கள். பஸ்ஸை விட்டு இறங்கித் தலையில் துணிமூட்டையும் கக்கத்தில் யார்கோலுமாக லயம் லயமாக ஏறுவார். மூட்டையை அவிழ்த்தால் புதுத்துணிக் கஞ்சியும் அத்தரும் கலந்து ஒரு வாசம் வரும். நான் மூட்டைக்குள் முகத்தை விட்டு அதை மோந்துகொண்டே இருப்பேன். மற்ற வீடுகளுக்கு யார்கோல் முடிகிற இடத்தில் கத்தரி வைப்பார். எங்கள் வீட்டுக்கு மட்டும் கோல் முடிந்த பிறகு ஒரு சாண் தள்ளி வைப்பார். "இது புள்ள வளர்றதுக்கு" என்பார். எனக்கு அந்த ஒரு சாணில் அத்தனை கர்வம்.

அவரும் அப்பாவும் படப்பைத்தியங்கள். அதுதான் அவர்களைச் சேர்த்தது. லயத்து வாசலில் காலெடுத்து வைக்கும்போதே, "என்னா கூட்டாளி, தேத்தண்ணி ஈக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். "கூட்டாளிக்கு இல்லாத தேத்தண்ணியா?" என்பார் அப்பா. நம் ஊரில் கூட்டாளி என்றால் சிநேகிதன். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருக்கிறவன் கூட்டாளி, ஒரே பீடியை மாற்றி மாற்றிக் குடிக்கிறவன் கூட்டாளி. வேறு அர்த்தம் அந்தச் சொல்லுக்கு இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

அந்தத் தீபாவளிக்கு நானா அப்பாவுக்கு இடுப்பில் உடுத்த ஒரு சாரம் கொண்டுவந்தார். நீலமும் பச்சையும் கட்டம் போட்டது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அடுத்த ஞாயிறு எங்கள் மூன்று பேரையும் அவரே மாத்தளைக்குப் படத்துக்கும் கூட்டிப்போனார். பகல் ஆட்டம். தியேட்டருக்குள் வெற்றிலை எச்சிலும் தோடம்பழத் தோலும் மூட்டைப்பூச்சி மருந்தும் மணத்தன. கதிரையின் பிரம்பு கிழிந்து என் தொடையைக் குத்தியது. முன்பாதி முழுக்க அப்பா சிரித்த சிரிப்பில் முன்வரிசை ஆள் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அது நடந்தது. குண்டன் மதிலில் ஏறுகிறான். படக்கென்று திரை வெள்ளையாகி, மறுபடி படம் வரும்போது இருவரும் பொலிஸ் ஸ்டேஷனில் நிற்கிறார்கள். ஒல்லியின் இடுப்பில் வேட்டி இல்லை, கோடுபோட்ட அரைக்காற்சட்டைதான். அவன் வேட்டி குண்டனின் இடுப்பில்! சனம் விசிலடித்தது, கத்தியது, ஒருவர் செருப்பைக்கூட எறிந்தார். கொழும்பிலும் கண்டியிலும் ஓடித் தேய்ந்து வந்த பிரதியில் ஒரு ரீல் இல்லையாம். மனேஜர் வந்து, "வந்தது அவ்வளவுதான், பேசாம பாருங்க" என்றுவிட்டுப் போனார்.

இன்ஸ்பெக்டர் குண்டனிடம் உறுமுகிறார்: "யார்றா இவன்? உன் கூட்டாளியா?" கூட்டாளி என்று அவர் பல்லைக் கடித்துச் சொன்னதுக்கே எங்கள் சனம் சிரித்தது. சிநேகிதனா என்று கேட்க எதற்கு இத்தனை கோபம்? குண்டன் தலையை ஆட்டுகிறான். "யாருன்னே தெரியாதுங்க!" உடனே ஒல்லி, "தெரியாதா? அப்போ ஏன் என் வேட்டியைக் கட்டியிருக்கே?" என்றான். தியேட்டர் அதிர்ந்தது. மாட்டிக்கொண்டதும் ஒருத்தனை ஒருத்தன் காட்டிக்கொடுக்கிறான்களே என்று நாங்களும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகள்தான் என் சின்ன வயதின் பொற்காலம். காணாமற்போன ரீலில் என்ன இருந்தது, வேட்டி எங்கே எப்படிப் போனது என்று அப்பாவும் நானாவும் வாரம் ஒரு கதை கட்டினார்கள். நாய் கவ்விக்கொண்டு போனது. சூதில் குண்டன் வென்றான். ஜமீன் வீட்டுக் கிழவி வெளுக்கப் போட்டுவிட்டாள். அப்பா குண்டன், நானா ஒல்லி. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் குந்திவிடுவோம். நடிப்பு எப்போதும் ஸ்டேஷனில்தான் முடியும். "யாருன்னே தெரியாதுங்க!" என்று அப்பா கைவிரிப்பார். "தெரியாதா? அப்ப ஏன் என்ட சாரத்த உடுத்திருக்கிறீங்க?" என்று நானா அந்த நீலக்கட்டச் சாரத்தைப் பிடித்து இழுப்பார். அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்.

ஒரு சனிக்கிழமை வாசல் போதாமல் பெக்டரிப் பக்கம் போனார்கள். தேயிலை அடுக்கி வைத்திருக்கும் ஸ்டோரின் பின்சுவர்தான் ஜமீன் மதில். அப்பா குனிந்து நிற்க, நானா முதுகில் ஏறி யார்கோலால் சுவரை அளந்தார். "ஏழு யார் ஈக்கி கூட்டாளி, கயிறு பத்தாது!" என்று கத்தினார். டீமேக்கர் ஐயா பெக்டரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெக்டரிக்குப் பொறுப்பானவர் அவர்தான், ஸ்டோர் சாவி எந்நேரமும் அவர் இடுப்பில் தொங்கும். அவரும் சிரித்தார். அம்மா மட்டும், "வெளையாட்டு வெனையாகும். உள்ள வாங்க ரெண்டு பேரும்" என்றாள். அவளை யார் கேட்டார்கள்?

மூன்று வாரம் கழித்து ஸ்டோரில் தேயிலை மூட்டைகள் குறைகின்றன என்று பேச்சு எழுந்தது. பூட்டு உடைபடவில்லை. சுவரில் ஓட்டையில்லை. சாவி யாரிடம் இருந்தது என்று கேட்க வேண்டிய இடத்தில், சுவரை அளந்தது யார் என்று கேட்டார்கள். குளித்துவிட்டு வந்த அப்பாவை உடுத்திருந்த நீலக்கட்டச் சாரத்தோடே ஆபீசுக்குக் கூட்டிப்போனார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பி என்னையும் கூப்பிட்டார்கள். படத்தைப் பார்த்து விளையாடினோம் என்று அப்பா சொன்னதை நம்பாமல், "புள்ள பொய் சொல்லாது, அத கேட்டுப் பாப்பம்" என்று டீமேக்கர்தான் யோசனை சொன்னாராம்.

ஆபீசில் மைவாசமும் பழைய தாள்வாசமும். அப்பா சுவரோரம் நின்றார். தோட்டத்து மனேஜர் பெரிய தொரை நாற்காலியில், பக்கத்தில் பட்டணத்திலிருந்து வந்த பொலிஸ் சார்ஜன்ட். இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது. இடையில் நின்று மொழிபெயர்த்தவர் டீமேக்கர். பயப்படாமல் இருக்க எனக்கு ஒரு டொபி கொடுத்தார்.

"அந்தத் துணிக்கார நானா ஒங்க அப்பாவுக்கு யாரு பாப்பா?"

"கூட்டாளிங்க, ஐயா."

பெருமையாகத்தான் சொன்னேன். டீமேக்கர் சார்ஜன்ட் பக்கம் திரும்பி, "ஹவுல்காரயா" என்றார். சார்ஜன்ட் எழுதிக்கொண்டார்.

"ஸ்டோர் சுவத்த அளந்தாங்களா?"

"ஆமாங்க. அப்பா குனிஞ்சி நின்னாரு, நானா ஏறி அளந்தாரு."

"என்னத்துக்கு அளந்தாங்க?"

"திருடத்தாங்க. படத்துல வர்ற மாதிரி."

நான் சொன்னது இவ்வளவுதான். டீமேக்கர் சிங்களத்தில் சொன்னது என் பதிலைவிடச் சின்னதாக இருந்தது என்பது இப்போதும் நினைவிருக்கிறது. படத்தைப் பற்றிய பாதி அந்த மேசையைத் தாண்டிப் போகவில்லை. 'ஹவுல்காரயா' என்ற அந்தச் சொல்லும் என் காதிலேயே வருஷக்கணக்காகக் கிடந்தது. கல்யாணம் கட்டி மாத்தளைக் கடைத்தெருவுக்கு வந்து சிங்களம் பழகிய பிறகு, ஒரு முதலாளி இன்னொருவரைக் காட்டி, "இவர் என் ஹவுல்காரயா" என்றபோதுதான் விளங்கியது. தொழிலில் பங்காளி. களவு விசாரிக்கிற இடத்தில் சொன்னால் களவில் பங்காளி. சிநேகிதனுக்குச் சிங்களத்தில் 'யாளுவா' என்று அருமையான சொல் இருக்கிறது, சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். டீமேக்கருக்குத் தெரியாதா? கடைத்தெருவில் நின்று வாய்விட்டு ஏசினேன். ஏசி என்ன, ஆள் செத்துப் பல வருஷம்.

ஆனால் அப்பாவுக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. பெக்டரிக்குள் சிங்களம் புழங்கும், அவருக்குப் பேச வராவிட்டாலும் கேட்டால் புரியும். அவர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். எதற்கு என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து நானாவை மாத்தளையிலிருந்து கூட்டிவந்தார்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. தொரைவீட்டம்மா நோனா துணி பார்க்கக் கூப்பிடுவது வழக்கம், அப்படி என்று நினைத்து மூட்டையும் யார்கோலுமாகச் சிரித்துக்கொண்டே வாசலில் வந்து நின்றார். சார்ஜன்ட் பேனையால் அவரைக் காட்டி அப்பாவிடம் ஏதோ கேட்டார். இந்த ஆள் யார் என்று கேட்டிருக்க வேண்டும்.

அப்பா சொன்னார்: "யாருன்னே தெரியாதுங்க. துணி விக்க வர்ற ஆளு."

நானா பகபகவென்று சிரித்துவிட்டார். மூட்டையைக்கூட இறக்காமல், கையை நீட்டி, எங்கள் வாசலில் சொல்கிற அதே ராகத்தில், "தெரியாதா? அப்ப ஏன் என்ட சாரத்த உடுத்திருக்கிறீங்க?" என்றார். நானும் சிரித்தேன். டொபியை வாயில் வைத்துக்கொண்டு, கைதட்டிச் சிரித்தேன்.

இதை மட்டும் டீமேக்கர் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். எல்லாரும் அப்பாவின் சாரத்தைப் பார்த்தார்கள். அப்பா அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "அது... அவரா பலவந்தமா குடுத்தாருங்க. நான் கேக்கல" என்றார். சார்ஜன்ட் எழுந்து நானாவின் கக்கத்திலிருந்து யார்கோலை உருவி மேசைமேல் வைத்தார்.

"கூட்டாளி, வெளையாட்டுப் போதும். நடந்தத செல்லுங்க இவங்களுக்கு" என்றார் நானா. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. ஜீப்பில் ஏற்றும்போது மூட்டை அவிழ்ந்து ஒரு சீத்தைத் துணி பாதையில் இழுபட்டுக்கொண்டு போனது.

அன்றைக்கு வீட்டில் அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றாள். "சொன்னா என்னயும் சேர்த்துத்தான் ஏத்துவான். வேல போகும், காம்பரா போகும். ஒன்னையும் புள்ளயையும் எங்க கொண்டு போயி வப்பேன்?" என்றார் அப்பா. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதுதான் எனக்கு எரிச்சல். அநியாயமாகப் பேசியிருந்தால் அப்பாவை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

நானாவை இரண்டு மாதம் மறியல் சிறையில் வைத்திருந்துவிட்டு, ஒன்றையும் நிரூபிக்க முடியாமல் விட்டார்கள். அப்பாவுக்கு வேலை தப்பியது. டீமேக்கர் அடுத்த வருஷமே பட்டணத்தில் மாடிவீடு கட்டினார், குடிபுகுதலுக்கு எங்கள் தோட்டத்திலிருந்து ஆட்கள் போய் வாழைமரம் கட்டினார்கள். அப்பாவும் போனார். அந்தச் சாரத்தை அம்மா கிழித்து அடுப்படியில் பிடிதுணி ஆக்கினாள். நீலக்கட்டம் கரியேறிக் கறுத்துப்போகும்வரை அதைப் பிடித்துத்தான் சோற்றுப்பானையை இறக்கினோம். "நெலம சரியானதும் நானா வீட்டுக்குப் போயி வெவரமா பேசணும்" என்று அப்பா இரண்டு மூன்று வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சொல்வதையும் விட்டுவிட்டார். படம் பார்க்கவும் அவர் போகவில்லை.

என் கல்யாணத்துக்குத் துணி எடுக்க நானும் அம்மாவின் தங்கச்சியும் மாத்தளைக்கு வந்தபோது, சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னத் துணிக்கடையில் அவரைக் கண்டேன். தாடி வெளுத்திருந்தது. யார்கோல் புதியது, இரும்பில். ரவிக்கைத் துணி கேட்டேன். அளந்துகொண்டே, "எந்தப் பக்கம் மகள்?" என்றார்.

"எல்கடுவத் தோட்டம். நான் ஒங்க கூட்டாளியோட மக, நானா."

"கூட்டாளியா?" என்றார். "இல்ல மகள். நான் துணி விக்கப் போற ஆளு."

கோல் முடிந்த இடத்தில் கத்தரியை வைத்தார். ஒரு நூல் கூடவில்லை. மடித்துக் கடதாசியில் சுற்றிக் கையில் தந்தார். "நான்தான் அன்னக்கி ஆபீசுல..." என்று தொடங்கினேன். அவர் அடுத்த ஆளைப் பார்த்து, "நீங்க என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டார். நான் இறங்கி வந்துவிட்டேன். அந்த ரவிக்கை எனக்கு இறுக்கமாக இருந்தது என்று தையல்காரியை ஏசினேன்.

சரி, ரீலுக்கு வருகிறேன். மகளின் கைப்பேசியில் அது இருந்தது. எங்கள் தியேட்டரில் செருப்பை எறிய வைத்த அந்தப் பத்து நிமிஷம்.

கலசத்தோடு மதிலைத் தாண்டும்போது குண்டனின் வேட்டி ஆணியில் மாட்டிக்கொள்கிறது. ஒல்லி ஏற்கனவே கீழே குதித்துத் தோப்பைத் தாண்டி ஓடிவிட்டான். தப்பிவிட்டான், யாரும் அவனைப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கிறான். குண்டன் வேட்டி கிழிந்து அம்மணமாக மதிலில் தொங்குகிறான். ஒல்லி தலையில் அடித்துக்கொண்டு திரும்பி ஓடி வருகிறான். தன் வேட்டியை அவிழ்த்து அவன் இடுப்பில் கட்டி இறக்கிவிடுகிறான். அதற்குள் நாய், பந்தம், ஆட்கள், ஸ்டேஷன். "உன் கூட்டாளியா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்கும்போது, குண்டன் ஒல்லியைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுத்தான் சொல்கிறான், "யாருன்னே தெரியாதுங்க" என்று. அவனாவது தப்பட்டும் என்று சொல்கிறான். ஒல்லிக்குத் தப்ப மனமில்லை. அதனால்தான் வேட்டியைக் காட்டுகிறான். நாங்கள் காட்டிக்கொடுப்பு என்று விழுந்து விழுந்து சிரித்தது அதைப் பார்த்துத்தான். ரீல் இல்லாததால் அந்தக் கண்ணடிப்பும் எங்களுக்கு விளங்கவில்லை.

நாய், சூது, வெளுக்கப் போட்ட கிழவி என்று அப்பாவும் நானாவும் எத்தனை கதை கட்டினார்கள். தப்பியவன் திரும்பி வந்தான் என்று ஒரு சனிக்கிழமைகூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

"என்னம்மா, சிரிப்புப் படத்துக்கு அழறீங்க?" என்றாள் மகள். அப்பாவும் அந்தக் குண்டனைப் போல, நானாவைத் தப்பவைக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். நீங்கள் யாராவது அப்படிச் சொன்னால் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வேன். ஆனால் நான் அந்த அறையில் இருந்தேன். டொபி வாயில் கரைய, அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணடிக்கவில்லை.